பக்கத்துப் பெட்டிக் குழந்தை

நீங்க கேட்டப்ப ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லிப்போட்டேன். ஒண்ணுமில்லாம இல்லீங்கண்ணா. சிறுமுகையில ஏறினதுலருந்து மூஞ்சியத் தொடச்சுத் தொடச்சு உக்காந்திருக்கற ஆளப் பாத்து "உடம்புக்கு என்னங்க தம்பி"ன்னு கேட்டீங்க பாருங்க, அந்தக் கேள்விய எங்கிட்ட யாரும் கேட்டு நெம்ப நாளாச்சு. எல்லாரும் குழந்தை எப்படி இருக்குது, கோகிலா எப்படி இருக்குதுன்னுதான் கேப்பாங்க. அது நாயந்தான். பட்டது அவங்க ரெண்டு பேருதானே.

சத்தி வரைக்கும் வர்றீங்களா? அப்ப நேரம் இருக்குது. நான் அங்க எறங்கி கோபி பஸ் புடிக்கணும். என் பேரு சென்னியப்பனுங்க. டைல்ஸ் ஒட்டற வேலை. கோகிலவாணி எங்கூட்டுக்காரி. வீட்டுலயே மிஷின் போட்டுத் தைக்கிறா, திருப்பூர்ல இருந்து துணி வரும்.

இப்ப ஒரு சாவு வீட்டுக்குப் போயிட்டு வரேன்னு வெச்சுக்குங்க. செத்தது போன வைகாசியில. எனக்கு இன்னிக்குத்தான் போக முடிஞ்சது.

மொதல்லருந்து சொல்லிப்போடறேன். கோகிலாவுக்கு ஏழாம் மாசம் நடந்துட்டிருந்துச்சு. ஒரு நாள் காத்தால தலை வலிக்குதுன்னா. கால் வீங்கியிருந்துச்சு. நான் என்ன பண்ணியிருக்கணும்? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும். நானு, சுக்குக் காப்பி வெச்சுக் குடிச்சுட்டுப் படுத்துக்கன்னு சொல்லிப்போட்டு வேலைக்குப் போயிட்டேன். அன்னிக்கு ஒரு வீட்டுல கிரகப்பிரவேசத்துக்குள்ள ஹால முடிச்சுத் தரணும்னு நின்னுட்டிருந்தாங்க. மத்தியானம் மாமியா போன் பண்ணுது, ஜன்னி வந்து கை கால் இழுத்துக்குதுன்னு. பிரஷருங்க. டாக்டரம்மா பாத்துப்போட்டு, குழந்தைய இப்பவே எடுத்தாத்தான் ரெண்டு உசுரும் தங்கும்னுட்டாங்க.

எடுத்தாங்க. பொண்ணு. ஒரு கிலோகூட இல்ல. அழுகவும் இல்ல. அந்த அளவுக் குழந்தைக்கு வேண்டிய மிஷினெல்லாம் கோபியில நாங்க இருந்த ஆஸ்பத்திரியில கெடையாது, கோயமுத்தூருக்குத்தான் போகணும். கோகிலாவ அசைக்கக் கூடாது, அவளுக்கு நெனப்பே திரும்பல. அதனால ஆம்புலன்சுல குழந்தையும் நானும் ஒரு நர்ஸம்மாவும் மட்டும் போனோம். தாய் இங்க, புள்ள அங்க. இடையில நான்.

அங்க போனதும் என்னை உள்ள கூப்புடறதுக்கு முன்னாடி கை கழுவச் சொன்னாங்க. முழங்கை வரைக்கும். கழுவினேன். அந்த சிஸ்டர் என் நகத்தப் பாத்துட்டு மறுக்கா கழுவுங்கன்னுச்சு. மறுக்கா கழுவினேன். நகத்துக்குள்ள இருக்கற சிமெண்டு அப்படிப் போகுங்களா? மூணாந்தடவை அதுவே என் கையப் புடிச்சு பிரஷ்ஷுல தேய்ச்சு விட்டுச்சு. அப்பவே எனக்குள்ள விழுந்துருச்சு, இந்தக் கையோட நான் அதைத் தொடக்கூடாதுன்னு.

உள்ள வரிசையாக் கண்ணாடிப் பெட்டி. எங்க பாப்பா அதுல ஒண்ணுல. எப்படிச் சொல்றதுங்க. தோலு உள்ள ரத்தம் ஓடறது தெரியற மாதிரி இருக்குது. வாயில ஒரு டியூப், மூக்குல ஒரு டியூப், தொப்புள்ல ஒண்ணு. கண்ண பஞ்சு வெச்சுக் கட்டியிருக்காங்க. தலையில ஊசி போடறதுக்காக ஒரு பக்கத்து முடியச் செரச்சுட்டாங்க. கெழவன் மாதிரி நெத்தியெல்லாம் சுருக்கம். "தொட்டுப் பாருங்க அப்பா, ஒரு விரலை வையுங்க, அதுக்குத் தெரியும்"னு சிஸ்டர் சொல்லுச்சு. நான் கைய முதுகுக்குப் பின்னால கட்டிட்டு நின்னேன். தொடலீங்க.

பக்கத்துப் பெட்டியில ஒரு பாப்பா. அதுவும் பொண்ணுதான். அதுவும் எட்டாம் மாசத்துக்கு முன்னாடி பொறந்ததுதானாம், ஆனா ஒன்றரை மாசமா அங்கயே இருந்து தேறிடுச்சு. கன்னம் வெச்சு, நெத்தி வரைக்கும் முடி வந்து, ரோஸ் கலர்ல குல்லா போட்டுக் கெடக்கும். டியூப் ஒண்ணுதான், மூக்குல, அதுவும் குல்லாவுக்குள்ள சொருகியிருக்கும். அதோட அப்பன் நஞ்சுண்டன். சிறுமுகைக்கு அந்தப் பக்கம் வாழைத்தார் லோடு ஏத்தற வேலை. அப்பன்மாரெல்லாம் வராந்தாவுலதானே கெடக்கணும். நான் வெறுங்கையோட போய் நின்னதும், அவரு பாயில பாதிய எனக்கு விட்டாரு. எட்டு வருசம் கழிச்சுப் பொறந்த புள்ளையாம். அவரு சம்சாரம் ஜோதிமணி தாய்மாருங்க தங்கற ரூம்ல இருந்துச்சு. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா உள்ள போய்ப் பால் குடுத்துட்டு வரும்.

"அடுத்த வாரம் அனுப்பிடறோம்னு சொல்லியிருக்காங்க"ன்னு நஞ்சுண்டன் சொன்னாரு. "எங்கம்மா, பேர் வெக்கற வரைக்கும் போட்டோ புடிக்கக் கூடாது, கண்ணு பட்டுரும்னு சொல்லிடுச்சுங்க. இங்கயும் போன் உள்ள விடறதில்ல. ஊர்ல எல்லாரும் எப்படி இருக்குது எப்படி இருக்குதுங்கறாங்க. நான் கைய வெச்சு இவ்வளவுன்னு காட்டறேன்."

அப்படிக் காட்டினாருங்க, ரெண்டு கையையும் விரிச்சு.

மூணாம் நாளோ நாலாம் நாளோ கோகிலாவுக்கு நெனப்பு நல்லா வந்துருச்சு. வந்ததும் கேட்டது, "குழந்தை எங்க?" இருக்குது, கோயமுத்தூர்ல இருக்குதுன்னோம். அவ நம்பல. செத்துப்போச்சு, மறைக்கறீங்கன்னு அழுகறா. அழுதா பிரஷர் ஏறுது. கோயமுத்தூர் டாக்டரு என்ன சொல்றாருன்னா, தாய்ப்பாலு இந்தக் குழந்தைக்கு மருந்து மாதிரி, எவ்வளவு கெடைச்சாலும் கொண்டாங்கன்னு. கோபியில அவளுக்குச் சொட்டுக்கூட வரல. புழிஞ்சு புழிஞ்சு நெஞ்சு கன்னிப்போச்சு. கோபியில இருந்த நர்ஸம்மா என்னைத் தனியாக் கூப்புட்டுச் சொல்லுச்சு, "குழந்தை முகத்த ஒரு போட்டோ புடிச்சுக் கொண்டாந்து காட்டுங்க. முகத்தப் பாத்தா ஊறும்."

நல்ல எண்ணத்துலதான் சொல்லுச்சு. நானும் நல்ல எண்ணத்துலதான் போனேன். போனை பனியனுக்குள்ள வெச்சு உள்ள கொண்டு போயிட்டேன். சிஸ்டர் அக்கட்டால திரும்பின நேரம், எம்புள்ளைக்கு நேரா எடுத்தேன். ஸ்கிரீன்ல பாக்கறேன். இதைக் கொண்டு போய் அவகிட்ட எப்படிங்க காட்டறது? கண்ணு கட்டி, வாயில டியூப் போட்டு… அவ அன்னிக்கே போய்ச் சேந்துருவா. பக்கத்துல அந்தப் பாப்பா முழிச்சுட்டுக் கெடக்குது. நேரா என்னையப் பாக்கற மாதிரி. போனை அந்தப் பக்கம் திருப்பிட்டேன். ஒரே ஒரு போட்டோ.

கோகிலா அதை வாங்கிப் பாத்தா. பாத்துட்டே இருந்தா. "எங்கப்பா நெத்தி"ன்னா. மாமியாளும் ஆமான்னுச்சு. "முடியப் பாரும்மா, எனக்கும் பொறந்தப்ப இப்படித்தானே இருந்துச்சு"ன்னா. நான் வெளிய போய் நின்னுட்டேன். கொஞ்ச நேரத்துல நர்ஸம்மா சிரிச்சுட்டே வருது, பால் வந்துருச்சுன்னு.

அன்னியிலருந்து ஐஸ் பொட்டியில பாட்டில வெச்சுட்டு கோபிக்கும் கோயமுத்தூருக்கும் பஸ்ஸு. அந்த முகத்தப் பாத்து ஊறின பாலு, எம்புள்ள வாயில டியூப் வழியாப் போச்சு. அவ தினமும் கேப்பா, இன்னிக்கு என்ன பண்ணுச்சுன்னு. கொட்டாவி விட்டுச்சு, கைய உருவி வெளிய போட்டுச்சு, குல்லாவ ஒதறிடுச்சுன்னு சொல்லுவேன். எல்லாம் அந்தப் பக்கத்துப் பாப்பா பண்ணினதுதான். அது என்ன பண்ணுதுன்னு பாக்கறதுக்குன்னே உள்ள போவேன். எம்புள்ள பக்கம் திரும்பி, மிஷின்ல நம்பர் எரியுதான்னு பாத்துட்டு வந்துருவேன். வேற என்னத்தப் பாக்கறதுங்க அங்க? அது ஒண்ணும் பண்றதில்லையே.

அந்த அடுத்த வாரம் வந்துச்சு. நஞ்சுண்டன் வீட்டுல இருந்து புதுத் துண்டு கொண்டாந்து வெச்சிருந்தாரு. அனுப்பற சமயத்துல குழந்தை பாலைக் கக்குச்சு. ஒடம்பு சில்லுனு போச்சு. ரத்தத்துல கிருமி ஏறிடுச்சுன்னாங்க. இந்தக் குழந்தைகளுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லீங்களாம், எவ்வளவு பாத்தாலும் சிலதுக்கு வந்துருதாம். பழையபடி டியூப்பு, பழையபடி மிஷினு. ஜோதிமணி பெட்டிக்கிட்டயே நிக்கும். நஞ்சுண்டன் சாப்பாடு வாங்கிட்டு வந்து பாயில வெச்சுட்டு, அதைப் பாத்துட்டே உக்காந்திருப்பாரு.

ஒரு நாள் காத்தால நான் பால் பொட்டியோட வரேன். லிஃப்டுக்கிட்ட நஞ்சுண்டன் நிக்கறாரு. பாயச் சுருட்டிக் கக்கத்துல வெச்சிருக்காரு. ரெண்டு கையிலயும் அந்தப் புதுத் துண்டு, உள்ள குழந்தை. ஜோதிமணி பக்கத்துல. எனக்கு, பாருங்க, கொஞ்சமாச்சும் யோசனை வேணுமில்ல? சந்தோசமாக் கேட்டேன், "வீட்டுக்குங்களா?"

அவரு என்னையப் பாத்தாரு. "ஆமாங்க. வீட்டுக்குத்தான்"னாரு.

அப்பறம்தான் துண்டு முகத்தையும் சேத்து மூடியிருக்கறதப் பாத்தேன். லிஃப்டு வரல. நாங்க மூணு பேரும் அங்கயே நிக்கறோம். அவரு எங்கிட்ட இல்ல, பொதுவாச் சொல்றாரு, "ஒரு போட்டோகூட எடுக்கலீங்க. ஊர்ல ஒருத்தருக்கும் காட்டல." போன் என் சட்டைப் பையில இருக்குதுங்கண்ணா. இங்க. நெஞ்சு மேல. "எங்கிட்ட இருக்குதுங்க"ன்னு ஒரு வார்த்தை. வாய் வரலீங்க. எம்புள்ளைய எதுக்குடா போட்டோ எடுத்தேன்னு கேட்டா என்ன சொல்றது? கண்ணு பட்டுரும்னு அவங்கம்மா வேண்டாம்னு சொன்னதுதானே. நான் எடுத்தேன். எடுத்து ஒருத்திகிட்டக் காட்டினேன். அவ நாள் பூராப் பாத்தா. ஏங்கி ஏங்கிப் பாத்தா. பத்து நாள்ல அது போயிடுச்சு. நீங்க இதையெல்லாம் நம்பறீங்களோ இல்லையோ. நான் அந்த லிஃப்டுக்கிட்ட நம்பினேன். லிஃப்டு வந்துச்சு, அவங்க எறங்கிப் போயிட்டாங்க. நான் பால் பொட்டியத் தூக்கிட்டு உள்ள போனேன்.

ரெண்டு நாள் கழிச்சு கோகிலாவ டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. காரு புடிச்சு நேரா கோயமுத்தூரு. வழியெல்லாம் நான் சொல்லிடலாம் சொல்லிடலாம்னுதான் வரேன். மாமியா பக்கத்துல உக்காந்திருந்துச்சு. அவினாசியத் தாண்டியும் வாய் வரல. கை கழுவி, கவுன் மாட்டி, உள்ள போனா. பெட்டி பெட்டியாப் பாக்கறா. எங்க பாப்பா பெட்டிக்கிட்ட வந்ததும் சிஸ்டர், "இதுதாம்மா உங்க பொண்ணு"ன்னுச்சு.

பாத்தா. "இது இல்லீங்க சிஸ்டர்"னா. அமைதியாத்தான் சொன்னா.

"இதுதாம்மா. கையில பட்டை பாருங்க, உங்க பேரு."

"பேரு மாத்திக் கட்டியிருப்பீங்க. என் குழந்தைக்கு நெத்தி வரைக்கும் முடி இருக்கும். கன்னம் இருக்கும். எனக்குத் தெரியும். எங்க வெச்சிருக்கீங்க?"

சிஸ்டர் என்னையப் பாக்குது. கோகிலாவும் என்னையப் பாக்கறா. "நீங்க சொல்லுங்க. நீங்கதானே தினமும் பாத்தீங்க." நான் எதையோ தேடற மாதிரி கீழ குனிஞ்சேன்.

அவ சத்தம் போட ஆரம்பிச்சுட்டா. வெளிய கூட்டிட்டு வந்துட்டாங்க. டாக்டரு வந்தாரு, பொறுமையாச் சொன்னாரு. குறை மாசத்துல பெத்த தாய்மாருக்குச் சில பேருக்கு இப்படி ஆகும், ஜன்னி வேற வந்திருக்குது, மனசு குழந்தைய ஏத்துக்காது, தானாச் சரியாகும்னு. மனசுக்குப் பாக்கற ஒரு டாக்டரம்மாவ வரச் சொன்னாங்க. அந்தம்மா வந்து கோகிலா கையப் புடிச்சுட்டு என்னென்னமோ கேட்டுச்சு. "எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குது, போன்ல பாருங்க, போட்டோ இருக்குது"ன்னு இவ சொல்றா. போனு எங்கிட்ட. சார்ஜ் இல்லைன்னு சொல்லிட்டேன். மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. நான்தான் போய் வாங்கிட்டு வந்தேன். அது போட்டதும் நல்லாத் தூங்கினா. அதுவும் ஒரு விதத்துல நல்லதுதானுங்க, அவ சரியாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு. மூணு நாள் இப்படிப் போச்சு. நான் நல்ல நேரம் பாத்துட்டிருந்தேன், சொல்றதுக்கு.

மூணாம் நாள் சிஸ்டர் பாட்டில் குடுத்துப் பால் கேட்டுச்சு. கோகிலா, "என் குழந்தைக்குத்தான் தருவேன். அந்தக் குழந்தைக்கு அவங்கம்மாவக் குடுக்கச் சொல்லுங்க"ன்னுட்டா. பாட்டில அப்படியே திருப்பிக் குடுத்துட்டா. உள்ள எங்க பாப்பாவுக்குப் பால் இல்ல.

அதுக்கப்பறம் எப்படிங்க சொல்லாம இருக்கறது? கேண்டீன் பக்கம் படிக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சேன். போனை எடுத்துக் கையில குடுத்தேன். "இது நம்ம குழந்தை இல்ல. பக்கத்துப் பெட்டிக் குழந்தை. உனக்குப் பால் வரணும்னு எடுத்தேன்"னேன்.

அவ போட்டோவப் பாத்தா. அழுகல. "மூணு நாளா எனக்குப் பைத்தியம்னு சொன்னாங்க. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க"ன்னா.

அவ்வளவுதான். அதுக்கப்பறம் அதை அவ ஒருக்காக்கூடச் சொன்னதில்லீங்க. மறந்துட்டான்னு நெனைக்கிறேன்.

அடுத்து கேட்டா, "இந்தக் குழந்தை இப்ப எங்க?"

எனக்கு வாயில வந்தது நஞ்சுண்டன் சொன்ன வார்த்தைதான். "வீட்டுக்குப் போயிடுச்சு"ன்னேன். நானாக் கட்டின பொய் இல்லீங்க அது.

"நல்லாப் போச்சா?"ன்னா. தலைய ஆட்டினேன்.

எந்திரிச்சுப் போனா. பாட்டில வாங்கினா. பால் குடுத்தா. அன்னிக்கே பெட்டிக்குள்ள கைய விட்டு அதோட கால்ல ஒரு விரல வெச்சா. அது கால மடக்கிக்கிச்சு. அவ கைய எடுக்கல. அது மறுபடியும் கால நீட்டி அவ விரல் மேலயே வெச்சுக்கிச்சு. நான் பின்னாலருந்து பாத்தேன். எம்புள்ள அப்படிப் பண்ணுமின்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். பொறகு நெஞ்சோட நெஞ்சா, தோலோட தோலா வெச்சுக் கட்டிவிட்டாங்க. கங்காரு மாதிரின்னு சொல்லுவாங்க. நாள் பூரா அப்படியே உக்காந்திருப்பா. டியூப்பு ஒண்ணொண்ணாக் கழண்டுச்சு. ஆடியில வீட்டுக்கு வந்தோம். இப்ப தவழ ஆரம்பிச்சிருக்குது, டைல்ஸ்ல வழுக்கிட்டே போகுது. நான் ஒட்டின டைல்ஸ்தான்.

ஆனா அந்தப் போட்டோவ அவ அழிக்க விடல. "இவளுக்குப் பால் வந்ததே அந்தப் புள்ளையாலதான். அது இல்லீன்னா இது இல்ல. ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வரணும்"னு சொல்லிட்டே இருப்பா. நான் தள்ளிப் போட்டேன். மழைங்கறது, வேலைங்கறது. போன வாரம் பாக்கறேன், மஞ்சள் துணியில ரெண்டு கவுன் தைக்கறா. ஒரே துணி, ஒரே மாதிரி பாக்கெட்டு. ஒண்ணு சின்னது, ஒண்ணு கொஞ்சம் பெருசு. "அது ரெண்டு மாசம் மூத்ததில்ல, வளந்திருக்கும்"னா. "இந்த ஞாயித்துக்கெழமை குடுத்துட்டு வாங்க. போட்டு ஒரு போட்டோ புடிச்சுட்டு வாங்க. இந்தத் தடவ கேட்டுப்போட்டுப் புடிங்க"ன்னு சிரிக்கறா.

அதான் இன்னிக்கு. ஸ்டுடியோவுல அந்தப் போட்டோவப் பெருசாப் போட்டு எடுத்துட்டுப் போனேன். கவுனும் இருக்குது. விசாரிச்சு விசாரிச்சு அந்த வீட்டுக்குப் போனா நஞ்சுண்டன் லோடுக்குப் போயிட்டாரு. ஜோதிமணி மட்டும் இருந்துச்சு. என்னைய ஒடனே அடையாளம் தெரிஞ்சுக்கிச்சு. "வாங்கண்ணா, உக்காருங்க. பாப்பா எப்படி இருக்குது?"

நல்லா இருக்குதுன்னு அந்தம்மாகிட்ட எந்த வாயில சொல்றது? "சுமாராத்தான் இருக்குதும்மா, அடிக்கடி சளி புடிச்சுக்குது"ன்னேன். அது என் மூஞ்சிய உத்துப் பாத்துச்சு. "அப்படிச் சொல்லாதீங்கண்ணா. நல்லா இருக்குதுன்னா நல்லா இருக்குதுன்னே சொல்லுங்க"ன்னுச்சு.

நல்லா இருக்குதும்மான்னேன்.

போட்டோவ எடுத்தேன். கவரோட நீட்டினேன். முந்தானையில கையத் தொடச்சுச்சு, மறுக்காவும் தொடச்சுச்சு, அப்பறம் வாங்குச்சு. பாத்துட்டு அப்படியே கீழ உக்காந்துருச்சு. நான் எல்லாத்தையும் சொன்னேன். திருட்டுத்தனமா எடுத்தது, கோகிலாகிட்டக் காட்டினது, பால் வந்தது, லிஃப்டுக்கிட்ட வாய் தொறக்காம நின்னது. கண்ணு பட்டதையும் சொன்னேன். "எங்களாலதாம்மா போச்சு. அவ ஏங்கி ஏங்கிப் பாத்தா"ன்னேன். திட்டும்னு நெனைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"கண்ணு தொறந்திருக்குது"ன்னுச்சு ஜோதிமணி. "நான் பால் குடுக்கப் போறப்பெல்லாம் தூங்கிட்டே இருக்கும். முழிச்சு நாலஞ்சு தடவைதான் பாத்திருப்பேன்."

போட்டோவ மடியில வெச்சுட்டுச் சொல்லுச்சு. "எம்புள்ளையப் பாத்த எல்லாரும் பயந்துட்டேதான் பாத்தோம்ண்ணா. நானு, அவரு, டாக்டரு, எல்லாருமே. நாளைக்கு இருக்குமா, எடை ஏறுச்சா, மூச்சு ஒழுங்கா வருதான்னுதான். சந்தோசமாப் பாத்தது உங்க வீட்டுல அவங்க ஒருத்தருதான். ஒருத்தராச்சும் பாத்தாங்களே."

எனக்கு எந்திரிச்சு ஓடிடலாம்னு இருந்துச்சு. அது விடல. "அவங்ககிட்ட ஒருக்காப் பேசணும்ண்ணா. இதைப் பாத்துட்டு என்னென்ன சொன்னாங்கன்னு கேக்கணும். நம்பரு குடுங்க"ன்னுச்சு.

குடுத்தா என்னாகுங்க? ரெண்டு பேரும் பேசினா? கோகிலா எடுத்ததும் "பாப்பா என்ன பண்ணுது"ன்னுதான் கேப்பா. "அவளுக்குத் தனியாப் போன் இல்லீங்கம்மா"ன்னேன். சொல்லி வாய் மூடல, என் பாக்கெட்டுல அவதான் கூப்புடறா. கட் பண்ணினேன். ஜோதிமணி அதைப் பாத்துச்சு. காப்பி வெச்சுக் குடுத்துச்சு, குடிச்சுட்டு வந்துட்டேன். கவுன வெளிய எடுக்கவே இல்ல.

இருங்க. அவதான்.

…ம், சொல்லு. பஸ்ஸுல. ஆமா, பாத்துட்டேன். இருந்துச்சு அவங்கம்மா. ம். குடுத்துட்டேன். …சரியா இருந்துச்சு. கொஞ்சம் லூசு. வளந்தா சரியாப் போயிடும். இல்ல, போட்டோ புடிக்கல, தூங்கிட்டிருந்துச்சு. சிரிச்சுச்சா… தூக்கத்துல சிரிச்சுச்சு. சரி. வரேன். சத்தி வந்துட்டுப் பண்றேன். வெச்சர்றேன்.

கேட்டீங்களா.

நான் பொய் சொல்றவன் இல்லீங்கண்ணா. வேலையில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. அவளுக்கு ஒடம்புக்கு ஆகாதேன்னுதான். சந்தோசமா இருக்கறா. அதை எதுக்குக் கெடுக்கறதுன்னு… நீங்க ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?

உங்க வீட்டுல சின்னப் பொண்ணு யாராச்சும் இருக்குதுங்களா? ஒரு வயசுக்குள்ள? பேத்தி, பக்கத்து வீட்டுப் புள்ளை, யாராச்சும். இந்தாங்க, பாருங்க. புதுசுங்க. யாரும் போடல. தையல் பாருங்க, பிசிறே இருக்காது. காசெல்லாம் ஒண்ணும் வேண்டாம். வாங்கிக்குங்க.

வேண்டாங்களா.

இல்லீங்க, தப்பா நெனைக்கல. நீங்க சொல்றது வாஸ்தவந்தான். உங்களுக்குக் குடுக்கத் தெச்சது இல்லையே. சீட்டுலயே விட்டுட்டு எறங்கிடலாமான்னுகூட இப்ப ஒரு நிமிசம் நெனைச்சேன், உங்ககிட்ட ஏன் மறைக்கணும். அவ தெச்சதுங்க. எவனாச்சும் சீட்டுத் தொடைப்பான். பையிலயே வெச்சுக்கறேன்.

சத்தி வந்துருச்சு. அங்க தெரியுது பாருங்க, பஸ் ஸ்டாண்டு. நீங்க மொதல்ல எறங்குங்க, நான் பின்னால வரேன்.

வீட்டுக்குப் போனா அவ வாசல்லயே நிப்பா. நான் எங்க போயிட்டு வந்தாலும் அப்படித்தான், பைய வாங்கிக்குவா, குழந்தைய எங்கிட்டக் குடுத்துருவா. கை கழுவிட்டு வரேன்னாலும் விடறதில்ல, இந்தக் கை போதும் வாங்கிக்குங்கம்பா. பைய உள்ள கொண்டு போய்த் தொறப்பா. நான் குழந்தையோட நடு ஹால்ல நிக்கணும். ரெண்டு கையிலயும் புள்ளைய வெச்சுட்டு எங்கீங்க ஓடறது?